புஷ்பம் அக்கா சொல்லாமல் போகவில்லை

பாப்பா,

இந்தக் காகிதங்களை உன் தோள்பையில், எலுமிச்சை சாதப் பொட்டலத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். நாளைக்கு நிஜாமுதீன் ஸ்டேஷனில் ஜன்னலோரம் நின்றுகொண்டு தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். பேச வேண்டிய விஷயத்துக்கு மட்டும் எனக்கு வாய் வராது. அது எனக்கு இப்போதே தெரியும். உனக்குப் பசிக்கும்போது இது கையில் தட்டுப்படும். மதுரை வருவதற்குள் முழுவதையும் படித்துவிடு. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிடாதே.

இங்கிலீஷில் எழுதியிருந்தால் நீ மளமளவென்று படித்து முடித்திருப்பாய். ஆனால் நான் வாழ்நாள் முழுக்க இங்கிலீஷில் அறிக்கை எழுதியவள். 'மாதிரிகள் சேகரிக்கப்பட்டன', 'ஊசி செலுத்தப்பட்டது' என்று, செய்த ஆளே வாக்கியத்தில் தென்படாமல் எழுதுவது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நான் ஒருமுறை நன்றாகவே ஒளிந்துகொண்டேன். தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி மெதுவாகவே படி. டெல்லியில் பிறந்து வளர்ந்த உனக்கு இவ்வளவாவது தமிழ் படிக்க வருகிறதென்றால் அதற்கு நானும் காரணமில்லை, உன் அப்பாவும் காரணமில்லை. புஷ்பம் அக்காதான் காரணம். இந்தக் கடிதமும் அவளைப் பற்றியதுதான்.

உனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் ஆபீஸ் குவார்ட்டர்ஸில், லக்ஷ்மிபாய் நகரில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் புஷ்பம் முனிர்காவிலிருந்து பஸ் பிடித்து வந்து, உனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துவிட்டு, நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அவள் என்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள் என்பது உனக்கு அப்போது பெரிதாகப் பட்டிருக்காது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அப்பா உப்பளத்தில் வேலை செய்து, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துபோனார். அம்மா ஒருத்திதான். அந்த வீட்டிலிருந்து டெல்லி வரைக்கும் தானாகவே படித்து வந்தவள். முனிர்காவில் ஒரு மாடியறையில் இன்னும் இரண்டு பெண்களோடு இருந்தாள். பெயர் மரிய புஷ்பம். லேபில் எல்லோரும் 'புஷ்பா' என்பார்கள். நீ மட்டும்தான் அவளை முழுசாகப் 'புஷ்பம்' என்று கூப்பிடுவாய். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

நாங்கள் ஆராய்ச்சி செய்தது காலா அஜார் என்ற காய்ச்சலை. மணல் ஈ கடித்து வருவது. பீகாரில் கூரைவீட்டு ஏழைகளை அது வருஷக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தது. காய்ச்சல் விடாது, மண்ணீரல் வீங்கும், உடம்பு உருகும், தோல் கறுத்துக்கொண்டே போகும். கருங்காய்ச்சல் என்றுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். பழைய மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்த வருஷங்களில் அங்கே பரவ ஆரம்பித்திருந்தன. அப்படிப்பட்ட ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை, ஹாம்ஸ்டர் என்ற சின்ன எலிகளின் உடம்பில் ஊசி மூலம் செலுத்தி வளர்த்தோம். புஷ்பத்தின் பிஎச்.டி. முழுக்க அந்தக் கிருமியைப் பற்றியதுதான்.

நான் எப்படிப்பட்ட கைடு என்று உனக்குத் தெரியாது. வீட்டில் பார்த்த அம்மா வேறு. எங்கள் துறையில் அன்றைக்குப் பெண்கள் கொஞ்சம் பேர்தான். இளகினால் ஏறி மிதித்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே நான் கல்லாகிப் போனேன். என் கைடு என்னை எல்லோர் முன்னாலும் திட்டித்தான் வளர்த்தார். அதுதான் பயிற்சி என்று நம்பினேன். ஒருமுறை ஒரு பையன் கிருமி வளர்த்த குப்பியைக் கீழே போட்டுவிட்டான். போட்டதும் ஒளிக்காமல் என்னிடம் வந்து சொன்னான். மொத்த லேபையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "கை நடுங்கறவங்களுக்கு இங்க இடமில்ல. வேற தொழில் பாத்துக்கலாம்" என்றேன். அன்று புஷ்பம் கதவோரம் நின்றிருந்தாள். இந்த மாதிரி விஷயங்களைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவள் அன்றே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தது நான்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த வாரத்தில் எங்கள் வேலையைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்குள் எலிகளுக்கு ஊசி போட்டு முடிக்க வேண்டும். தீபாவளியன்று காலையில் புஷ்பம் என் அறைக்கு வந்தாள்.

"மேடம், எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. கூட ஆள் இல்லாம ஊசி போடக்கூடாதுல்லா? நாளக்கழிச்சு போடட்டுமா?"

கூட ஒருவர் எலியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஊசி போட வேண்டும் என்பது நானே எழுதி ஒட்டிய விதி. நான் கிளம்பும் அவசரத்தில் கைப்பையை மூடிக்கொண்டே சொன்னேன்: "எத்தனை தடவை பண்ணின வேலை இது! தனியாவே பண்ணிடுவே. உனக்கென்ன, தீபாவளியா?"

அவள் சிரித்தாள். "சரி மேடம்" என்றாள். நான் வீட்டுக்கு வந்து உனக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டேன். குழந்தைக்காக வந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எலிகள் தயாராகிவிடும் என்ற நிம்மதியில்தான் வந்தேன். உன்னை இதில் இழுக்க எனக்கு உரிமையில்லை.

அன்றைக்கு ஒரு எலி திமிறி, ஊசி அவள் இடதுகைக் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. கழுவி, மருந்து போட்டுக்கொண்டு, மீதி எலிகளுக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டுத்தான் அறைக்குப் போயிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த நோய் உடனே வெளியே தெரியாது. மாதக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ஹோலி சமயத்தில் காய்ச்சல் ஆரம்பித்தது. டைபாய்டு என்றார்கள். மாத்திரை தின்றாள், போகவில்லை. பிறகு டி.பி.யாக இருக்கலாம் என்று அதற்கு மருந்து ஆரம்பித்தார்கள். பீகாருக்கே போகாத தூத்துக்குடிப் பெண்ணுக்கு எந்த டாக்டர் காலா அஜாரை நினைப்பார்? ஆனால் நான் நினைத்திருக்க வேண்டும். தினமும் அவளைப் பார்த்தேன். "மேடம், இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று வந்து நின்றால், "ஒரு மாத்திரை போட்டுட்டு வேலையைப் பாரு. தீசிஸ் எழுதற வருஷத்துல எல்லாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும்" என்றேன். அந்த ஒரே நோயைப் பற்றித்தான் என் பெயரில் அத்தனை கட்டுரைகள் இருக்கின்றன.

கண்டுபிடித்தது நீ. இது உனக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாடம் சொல்லிவிட்டுப் போன பிறகு சமையலறைக்கு வந்தாய். "அம்மா, புஷ்பம் அக்கா ஏன் கறுப்பாயிண்டே போறா?" என்று கேட்டாய். ஒருத்தர் நிறத்தைப் பற்றிப் பேசுவது என்ன பழக்கம் என்று உன்னைத் திட்டினேன். நீ விடவில்லை. "இல்லம்மா, நெத்தியெல்லாம். போன மாசம் இப்படி இல்ல. பாவம், மாடிப்படியில உட்காந்து உட்காந்துதான் ஏறறா" என்றாய். கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். வகுப்பில் வருஷாவருஷம் நான் சொல்லிக்கொடுக்கிற அடையாளங்களை என் பத்து வயதுப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்து முனிர்காவுக்குப் போனேன். அவளுடைய அறைக்கு அதுவரை நான் போனதே இல்லை. சின்ன அறை, ஒரு கூலர், சுவரில் மாதா படம். படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "படு" என்று சொல்லி வயிற்றின் இடதுபக்கம் கைவைத்தேன். மண்ணீரல் தொப்புள்வரை இறங்கி, கல் மாதிரி இருந்தது.

"ஊசி குத்திச்சா?"

"இல்ல மேடம்."

"புஷ்பா, என்னைப் பாரு. ஊசி குத்திச்சா?"

விரலை நீட்டிக் காட்டினாள். "தீபாவளி அன்னைக்கு" என்றாள்.

"ஏம்மா சொல்லல?"

"வெளிய அனுப்பிருவீங்கன்னு பயந்துட்டேன் மேடம். எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு, மக டாக்டராகப் போறான்னு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அதே கிருமி. பழைய மருந்துக்கு அடங்காதது என்று எங்களுக்கே தெரிந்த கிருமி. அதனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற வேறொரு மருந்தைத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அது உடம்பில் இறங்கும்போது குளிர்க்காய்ச்சல் கட்டிலையே உலுக்கும். அவள் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்தார். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதாம்மா இங்க அவளுக்குத் தாய் மாதிரி. போன்ல ஒங்களப் பத்தியேதான் பேசும். நீங்க மட்டும் பாக்கலேன்னா எம்மவ செத்திருப்பா" என்று அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

புஷ்பம் பிழைத்தாள். மழைக்காலம் தொடங்கும்போது எழுந்து நடந்தாள். இத்தோடு முடிந்திருந்தால், தவறு செய்தேன், சரிசெய்தேன் என்று நான் ஆறுதல்பட்டிருக்கலாம்.

எங்கள் ஆராய்ச்சி நிறுவனம் விசாரணைக் குழு அமைத்தது. கூட ஆள் இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். "தனியாகச் செய்யக் கூடாது என்பது எங்கள் விதி. அவள் அப்படிச் செய்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது" என்றேன். முதல் வாக்கியம் உண்மை என்பதால் இரண்டாவதைச் சொல்லும்போது குரல் பிசகவில்லை. உண்மையைச் சொன்னால் லேபை மூடுவார்கள், மற்ற மாணவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்று எனக்குள் ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நியாயத்தில் அவர்களைவிட நான்தான் அதிகம் இருந்தேன். அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். நான் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தேன். குழுத் தலைவர் கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்துப் பார்த்தாள். நான் மேஜையில் கிடந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தேன். "ஆமா சார். என் தப்புதான்" என்றாள்.

கவனக்குறைவு என்று முடிவானது. கிருமியோடு வேலை செய்ய இனி அனுமதி இல்லை என்றார்கள். அப்படியென்றால் அவள் பிஎச்.டி.யே இல்லை. ஊருக்குக் கிளம்பினாள்.

கிளம்பும் முன்பு நம் வீட்டுக்கு வந்தாள், பாப்பா. இதுதான் நான் உனக்குச் செய்தது. நீ உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். கதவைத் திறந்தேன். "பாப்பாவ பாத்துட்டுப் போறேன் மேடம்" என்றாள். "தூங்கறா" என்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு. உள்ளேயிருந்து நீ சத்தமாக வாய்ப்பாடு சொல்வது அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அவள் படியிறங்கிப் போனாள். அவள் உன்னோடு பேச்சுவாக்கில் தீபாவளியன்று நடந்ததைச் சொல்லிவிடுவாளோ, நீ போய் அப்பாவிடம் கேட்டுவிடுவாயோ என்ற பயம் எனக்கு. அடுத்த ஞாயிறு நீ வாசலிலேயே உட்கார்ந்திருந்தாய். "அவ சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டா" என்றேன். ரொம்ப நாள் அவள்மேல் கோபமாக இருந்தாய். அவள் பெயரை எடுத்தால் எழுந்து போவாய். அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் பாதுகாப்பு விதிகளில் படு கறார் ஆனேன். அதற்காகவே பெயரும் வாங்கினேன். புதிதாகச் சேரும் பிஎச்.டி. மாணவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே நான் ஒரு கதை சொல்வேன். 'ஒரு மாணவி இருந்தாள், விதியை மீறித் தனியாக ஊசி போட்டாள், மறைத்தாள், சாவின் விளிம்புக்குப் போனாள்' என்று. பெயர் சொல்ல மாட்டேன். ஹாலே அமைதியாகிவிடும். அவளை ஊருக்கு அனுப்பியது போதாதென்று வருஷாவருஷம் மேடையேற்றி அவமானப்படுத்திக்கொண்டும் இருந்தேன். இந்த வருஷம் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "விதி தெரிஞ்சவங்க ஏன் மேடம் தனியா பண்ணினாங்க? யாராவது பண்ணச் சொன்னாங்களா?" என்று இந்தியில் கேட்டாள். அவளுக்கு இதில் எந்த உள்நோக்கமும் இல்லை, தோன்றியதைக் கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன். நேரமாகிவிட்டது என்று சொல்லி வகுப்பை முடித்தேன். வீட்டுக்கு வந்தால் நீ குதித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்கு மதுரையில் இடம் கிடைத்திருக்கிறது. சிக்குன்குனியா திரும்பி வந்திருக்கிறதே, அதைப் பரப்பும் கொசுக்களைப் பற்றி பிஎச்.டி. "உன்ன மாதிரியே ஆகப்போறேன்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டாய்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை நான் யாரோ ஒரு கைடிடம் ஒப்படைக்கப் போகிறேன். நல்ல பெயருள்ளவர் என்கிறார்கள். எனக்கும் நல்ல பெயர்தான் இருந்தது. புஷ்பத்தின் அம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எந்த இடத்தில் நின்றாரோ அந்த இடத்துக்கு நான் வந்துவிட்டேன்.

நிறுவனத்துக்குப் போய் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு? சோடியே மேடம், விட்டுடுங்க, ரிட்டயர் ஆகப்போறீங்க" என்றார். விடவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அதுவும் எனக்கு ஒரு தண்டனை மாதிரிதான் இருந்தது. போன மாதம் திருநெல்வேலிக்கு வாய்மொழித் தேர்வு எடுக்கப் போகிறேன் என்று சொன்னேனே, தேர்வு உண்மைதான். திரும்பும்போது கோவில்பட்டியில் இறங்கினேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் புஷ்பம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். கணவர், ஒரு மகன். கொஞ்சம் பருத்திருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், எப்ப வந்திய?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த மரியாதையில் எனக்கு உடம்பு கூசியது.

எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் அவள் கதையைச் சொல்லி வந்ததையும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவள் முகம் மாறியது. என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டேன். அவள் டீ டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? அன்னைக்கே நான் வந்து ஊசி குத்திட்டுன்னு சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பிய?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "திட்டியிருப்பேன்" என்றேன்.

"அதான் மேடம். நானும் அப்படித்தான் நெனச்சேன்." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "இப்ப மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா ரயில் ஏறிருவிய. அத நான் இன்னும் யோசிக்கல மேடம். யோசிக்கணும்."

பாப்பா, உனக்கு நான் சொல்லப்போவது ஒன்றுதான். லேபில் கை தவறும். எல்லோருக்கும் தவறும், எனக்கும் தவறியிருக்கிறது. ஊசி குத்தினாலும் கண்ணாடி கிழித்தாலும் கூண்டிலிருந்து கொசு தப்பி வந்து கடித்தாலும் அந்த நிமிஷமே போய்ச் சொல். கைடு திட்டினால் திட்டட்டும். சொல்லவே பயமாக இருக்கிற கைடு வாய்த்தால் அங்கே ஒரு நாள்கூட இருக்காதே, கிளம்பி வீட்டுக்கு வந்துவிடு. பாதியில் வந்தாயே என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டோம். நாளைக்கு உன்னிடம் ஒரு பிள்ளை படிக்க வந்து, தவறு செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நின்றால், முதலில் அவளை உட்காரவை. அடி பட்டதா என்று கேள். மற்றதெல்லாம் பிறகு. இவ்வளவு சின்ன விஷயத்தை நான் கற்றுக்கொள்வதற்கு இன்னொருத்தியின் படிப்பு போக வேண்டியிருந்தது.

கோவில்பட்டியில் நான் எழுந்திருக்கும்போதுதான் அவள் உன்னைப் பற்றிக் கேட்டாள். மதுரைக்குப் படிக்க வருகிறாய் என்றேன். எந்த ரயில், எந்தக் கிழமை என்று விசாரித்தாள். "புது ஊரு. பெட்டி படுக்கையோட பிள்ள தனியா எறங்கும். ஸ்டேஷனுக்கு நான் போயி கூட்டிக்கிட்டு ஆஸ்டல்ல விட்டுடுதேன்" என்றாள். "வேண்டாம் புஷ்பா, உன்கிட்ட இதை வாங்கிக்க எனக்கு யோக்கியதை இல்ல" என்றேன்.

"ஒங்களுக்காக இல்ல மேடம்" என்றாள்.

மதுரை பிளாட்பாரத்தில் அவள் நிற்பாள். சொல்லாமல் போனவள் என்ற முகத்தோடு நீ அவள் முன்னால் போய் இறங்கிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அவளிடம் எனக்காகப் பரிந்து எதுவும் பேசாதே. அம்மா ரொம்ப வருத்தப்படுகிறாள் என்றும் சொல்லாதே. அவள் பேசட்டும், நீ கேட்டுக்கொள்.

அம்மா